களிமண்ணில் எழுதிய கணக்கு

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில், ஐயாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட சுமேரியரைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று இளைஞர்கள் வினவக் கூடும். சுமேரியர் தமிழரே என்று மேடையில் முழங்குவோர் உளர். நாம் அதற்காக எழுதவில்லை. சுமேரிய மொழி எந்த மொழிக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. நம் கருத்தைக் கவர்வது வேறு: அங்கே எழுத்து யாருக்காகத் தோன்றியது, யார் கையில் இருந்தது என்பதே.

இன்றைய ஈராக்கின் தென்பகுதியில், யூப்ரடீசு, டைகிரிசு ஆறுகளின் வண்டல் நிலத்தில் அம்மக்கள் வாய்க்கால் வெட்டி வாற்கோதுமை விளைத்தனர். ஏரிப் பாசனம் அறிந்த பாகூர் மக்களுக்கு அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விளைச்சல் மிகவே, உழாதவரும் உண்ண முடிந்தது. ஊருக் போன்ற நகரங்கள் எழுந்தன. கி.மு. 3300 அளவில் அந்நகரில் எழுத்துப் பிறந்தது. பாட்டெழுத அன்று; களஞ்சியக் கணக்கெழுதவே! ஈரக் களிமண் பலகையில் நாணற் குச்சியால், எவ்வளவு தானியம் வந்தது, எவருக்கு எவ்வளவு அளக்கப்பட்டது என்று குறித்தனர்.

கி.மு. 2100-ஐ அடுத்த நூற்றாண்டில் ஊர் என்னும் நகரத்து அரசர்கள் ஆண்ட காலப் பலகைகளைப் பாருங்கள். உழைக்கும் ஆணுக்கு மாதம் 60 சிலா வாற்கோதுமை. பெண்ணுக்குப் பெரும்பாலும் 30 சிலா. ஒரு சிலா ஏறத்தாழ ஒரு லிட்டர். நடவுக்குச் சென்ற நம் தாய்மார் பாதிக் கூலி பெற்ற வழக்கு நேற்று முளைத்ததன்று.

எழுதக் கற்பித்த பள்ளிக்கு ‘எடுப்பா’ என்று பெயர். பலகை வீடு என்பது பொருள். கி.மு. 2000 அளவில் வாழ்ந்த ஐந்நூறு எழுத்தர்களின் தந்தையர் யாவர் என 1946-இல் நிக்கோலாசு சினைடர் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். ஆளுநர், கோயில் அதிகாரி, படைத்தலைவர், வரி அலுவலர், பூசாரி என நீண்டது பட்டியல். அளந்து கொட்டப்பட்ட கூலியாளின் மகன் அதில் இல்லை. அவன் பெயர் பலகையில் இருந்தது. அதைப் படிக்க அவனுக்குத் தெரியாது. களத்துமேட்டில் கைநாட்டு வைத்த நம் பாட்டன்மாரை இங்கே நினையாமல் இருக்க நம்மால் இயலவில்லை.

நம் மண்ணிலும் இதற்கொப்பான செய்தி உண்டு. 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூர் வித்தியாத்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. கல்விக்கு ஊர்களையே ஈந்த பெருமை பெரிதுதான். அவ்வூர் வயல்களில் சேற்றில் நின்றவரின் பிள்ளைகள் அங்கே ஓலை பிடித்தனரா என்றால், செப்பேட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆயின் அதற்கும் முந்திய காலம் வேறொன்று சொல்கிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டை மார்ட்டிமர் வீலர் 1945-இல் அகழ்ந்தார். உரோமானியக் கலங்களின் துண்டுகளோடு, தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. மதுரைக்கு அருகிலுள்ள கீழடியிலும் அவ்வாறே. ‘ஆதன்’, ‘குவிரன் ஆதன்’ என்னும் பெயர்கள் அங்கே ஓட்டில் கீறப்பட்டுள்ளன. அரண்மனைக் கல்வெட்டல்ல, அன்றாடம் புழங்கிய சட்டி பானை! பண்டைத் தமிழகத்தில் எழுத்தறிவு பொதுமக்களிடையே பரவியிருந்தது என்பதற்கு இத்தகைய ஓடுகளையே ஐராவதம் மகாதேவன் சான்றாகக் காட்டினார். சுமேரியரின் நகரங்களைவிட இந்த ஓட்டுச் சில்லுகளையே நாம் உயர்வாகக் கருதுகிறோம். அங்கே கணக்கன் பிறர் பெயரை எழுதினான். இங்கே தன் பானையில் தன் பெயரைத் தானே கீறிக்கொண்டவரும் இருந்திருக்க வேண்டும்.

அரிக்கமேட்டுப் பொருள்கள் புதுவை அருங்காட்சியகத்தில் உள்ளன. வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் பேருந்தில் சென்று மாலைக்குள் திரும்பலாம். தமிழ் பிராமி எழுத்து அட்டவணை ஒன்றைக் கையில் கொண்டு செல்லுங்கள். க, த, ன முதலிய சில எழுத்துகளை அரைமணி நேரத்தில் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.