மூன்று முறை சறுக்கிய வலதுகால்

2007 செப்டம்பர் 9. டென்மார்க்கின் ஆல்போர்க் விமான நிலையம். எழுபது பேர் போகக்கூடிய சின்ன விமானம், பாம்பார்டியர் க்யூ400, தரையைத் தொட்டதுமே வலதுகால் மடங்கிவிட்டது! மூன்றே நாளில், லித்துவேனியாவின் வில்னியஸில் அதே எஸ்.ஏ.எஸ். கம்பெனியின் இன்னொரு க்யூ400. அதே வலதுகால்!

பிரித்துப் பார்த்தால், காலை மடக்கி நீட்டும் பிஸ்டனின் மரைக்குள் துரு. வெளிப்பார்வைக்குச் சிக்காத இடம், பாருங்கள்! விமானத்தைத் தயாரித்த கனடா, பரிசோதனையைக் கட்டாயமாக்கி உத்தரவு போட்டது.

அத்தோடு விட்டதா? அக்டோபர் 27, கோபன்ஹேகன். மூன்றாவது க்யூ400-க்கு வலதுகால் இறங்கவே இல்லை. இந்த முறை குற்றவாளி, எண்ணெய்த் துளையை அடைத்த ஒரு குட்டி ரப்பர் வளையம்! மறுநாளே க்யூ400-களை நிரந்தரமாக நிறுத்துவதாக எஸ்.ஏ.எஸ். அறிவித்தது.

மூன்றிலும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனால் ஒன்று புரிகிறதல்லவா? ஓர் உத்தரவு ஒரு நோய்க்குத்தான் மருந்து. அடுத்த நோய் வேறு வாசல் வழியாக வரும்!