செம்மண் கோதாவும் தேவராஜ் அர்ஸும்

மைசூர் நகரின் நடுவில் இருக்கிறது தேவராஜ மொஹல்லா. மல்லிகைப் பந்துகளும் மைசூர் வெற்றிலைக் கட்டுகளும் குங்குமக் குவியல்களும் நிறைந்த தேவராஜ மார்க்கெட் இங்கேதான். அதை ஒட்டி, துணிக்கடைகளும் நகைக்கடைகளும் வரிசைகட்டி நிற்கும் தேவராஜ் அர்ஸ் சாலை. இரண்டும் ஒரே ஆளின் பெயரைத் தாங்கியவை என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உண்மையில் அவர்கள் வேறு வேறு ஆட்கள். மார்க்கெட்டின் பெயர் தொட்ட தேவராஜ உடையாரைச் சொல்வது. 1659 முதல் 1673 வரை ஆண்டவர், சாமுண்டி மலைக்கு ஆயிரம் படி கட்டியவர் என்று நினைக்கப்படுபவர். சாலையின் பெயர், 1972இல் முதலமைச்சராகி இன்றைய கர்நாடகத்தின் அரசியலைத் தலைகீழாகப் புரட்டிய டி. தேவராஜ் அர்ஸைச் சொல்வது. முந்தியவருக்கு முன் அந்த அரியணையில் இருந்தவர் மல்யுத்தக்காரர் என்று பெயர் வாங்கிய மன்னர். பிந்தியவரும் இளமையில் குஸ்தி பயின்றவர். இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாகாது என்பது என் கருத்து. மைசூரில் குஸ்தி வெறும் உடற்பயிற்சியாக ஒருநாளும் இருந்ததில்லை. அது அதிகாரத்தோடு ஒட்டியே வளர்ந்தது. அந்த ஒட்டுதலின் வரலாற்றைப் பார்க்காமல் அர்ஸின் அரசியலை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது.

தொடக்கக் கதை திருச்சிராப்பள்ளியில் நடக்கிறது. அங்கே எவராலும் வெல்ல முடியாத மல்லன் ஒருவன் இருந்தானாம். மைசூரிலிருந்து, மேலே சொன்ன மல்லமன்னர் கண்டீரவ நரசராஜர் மாறுவேடத்தில் போய், அவனோடு மோதி, அவனை வீழ்த்தித் திரும்பினாராம். 1810இல் தென்னிந்திய வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் இந்தக் கதையைப் பதிவு செய்திருக்கிறார். 1960இல் ராஜ்குமார் நடித்து வந்த ‘ரணதீர கண்டீரவ’ படம் அதைக் கன்னட நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தது. நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் வில்க்ஸ் எழுதிய காலத்துக்கும் இடையில் ஏறத்தாழ 170 ஆண்டுகள் இருக்கின்றன. ஆகவே இதை நடந்த சம்பவத்துக்குச் சான்றாக நான் கொள்ளவில்லை. ஒரு மன்னர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று மைசூர் மக்கள் நினைத்தார்களோ, அதற்குச் சான்றாகக் கொள்கிறேன். வரலாறு உறுதியாகச் சொல்வது வேறு. முந்தைய மன்னரை நஞ்சிட்டுக் கொன்றதாகக் கருதப்பட்ட தளவாய் விக்கிரமராயனை ஒழித்து 1638இல் ஆட்சியை உறுதிசெய்துகொண்டார் கண்டீரவர். அடுத்த ஆண்டே ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாக்க வந்த பீஜப்பூர்த் தளபதி ரணதுல்லா கானை விரட்டியடித்தார். தமிழர் நினைவில் இவருக்கு வேறொரு முகமும் உண்டு. திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் சத்தியமங்கலம் வழியாக வந்து மூக்கறுத்துச் சென்ற படை இவருடையதுதான். அந்த மூக்கறுப்புப் போரை நம் பாடநூல்கள் அறியும். அதை ஏவியவரை மைசூர் ஒரு பயில்வானாக நினைவில் வைத்திருப்பதை நம்மில் பலர் அறிய மாட்டோம். இரு மன்னர்களும் 1659இல், ஒரே ஆண்டில் மறைந்தார்கள்.

மன்னர் மல்லராகப் பேசப்பட்ட நாட்டில் மல்லர்கள் மன்னருக்கு உரியவர்களாக இருந்ததில் வியப்பில்லை. விஜயநகர மகாநவமியைச் சுமார் 1520இல் நேரில் கண்ட போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், பற்கள் உடைந்து முகம் சிதையும் அளவுக்கு அங்கே மல்லர்கள் மோதிக்கொண்டதை எழுதியிருக்கிறார். 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசரா விழாவைத் தொடங்கியபோது அந்த மரபும் அவரிடம் வந்து சேர்ந்தது. இன்றும் விஜயதசமியன்று மைசூர் அரண்மனை முற்றத்தில் நடக்கும் வஜ்ரமுஷ்டி அதன் மிச்சம்தான். ஜெட்டி என்னும் மல்லர் குலத்தினர், தலையை மழித்துச் சிறு குடுமி மட்டும் விட்டு, வலது கை விரல்களில் கூர்முனைகள் கொண்ட முஷ்டியை மாட்டிக்கொண்டு செம்மண்ணில் இறங்குவார்கள். எதிராளியின் தலையில் முதல் ரத்தத் துளி தெரிந்ததும் நடுவர்கள் விலக்கிவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ரத்தம் தெரிந்த பிறகுதான் அரச குடும்பத்தின் விஜயதசமி ஊர்வலம் புறப்படும். ஜெட்டிகளின் வலிமை ஜெட்டிகளுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. திப்பு சுல்தானின் சிறையில் இருந்த ஆங்கிலேயக் கைதிகள், மரண தண்டனையைக் கையாலேயே நிறைவேற்றும் ஆட்களாக இவர்களைக் குறிப்பிடுகிறார்கள். அரண்மனை ஊட்டி வளர்த்த உடல் அரண்மனையின் ஆயுதமாகவே இருந்தது.

இதோடு நின்றிருந்தால் இந்த வரலாறு நவீன அரசியலுக்கு வந்தே இருக்காது. மைசூரில் இன்னொரு குஸ்தி, தெருவில் வளர்ந்தது. அதன் இடம் கரடி மனை. விலங்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். உடற்பயிற்சிக் கூடத்தைக் கரடிக்கூடம் என்று சொல்லும் வழக்கம் பழந்தமிழ் அகராதிகளிலும் இருக்கிறது. குனிந்து நுழைய வேண்டிய சிறு வாசல். உள்ளே அனுமன் படம். நடுவே நெய்யும் மஞ்சளும் மோரும் கலந்து பதப்படுத்திய செம்மண். மைசூர்க்காரர்கள் அதை மட்டி என்பார்கள். அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் காலை வைப்பார்கள். விடியுமுன் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. பிறகு மண்ணில் பிடிகள். ‘ஹத்து ஜனர கரடி’, அதாவது பத்துப் பேர் சேர்ந்து நடத்திய கரடி என்ற பெயரிலேயே அதன் பொருளாதாரம் இருக்கிறது. மன்னர் மானியத்தை மட்டும் நம்பாமல், தெருக்காரர்கள் கைக்காசு போட்டு நடத்தியவை இவற்றில் பல. பக்கீர் அகமது சாகிப் பெயரில் ஒரு கரடி இருந்தது. இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் உஸ்தாதிடம் வித்தை கற்றார்கள். குருபர், நாயக்கர், உப்பாரர், பெஸ்தர், கணிகர் என்று ஊர் அளவில் சிதறிக் கிடந்த சிறு சாதிகளின் பிள்ளைகள்தான் இந்த மண்ணில் அதிகம் புரண்டார்கள்.

இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தொடாமல் விளையாடக்கூடிய விளையாட்டுகள் உண்டு. குஸ்தி அப்படிப்பட்டதில்லை. எதிராளியின் வியர்வை தன்மீது படாமல் ஒரு பிடியும் போட முடியாது. யார் யாரைத் தொடலாம் என்பதையே சட்டமாக வைத்திருந்த சமூகத்தில், இந்த ஒரு நிபந்தனை எவ்வளவு பெரியது! கரடிகளே சாதித் தெருக்களில் இருந்தவைதானே, தலித்துகளுக்குப் பலவற்றில் இடமில்லையே என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. கரடிக்குள் சமத்துவம் நிலவியதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் கரடிகளுக்கு இடையே போட்டி நடந்தது. தசராவுக்கு முன் ‘ஜோடி கட்டுதல்’ என்ற நிகழ்ச்சி உண்டு. பெயர் கொடுத்த பயில்வான்களை வரிசையாக நிறுத்தி, எடையும் வயதும் அனுபவமும் பார்த்து, சமமானவர்களை ஜோடி சேர்ப்பார்கள். கனத்தவனை இளைத்தவனோடு விட்டால் அது போட்டியாகாது என்பது அங்கே கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஜோடி சரியில்லை என்றால் கூட்டமே கத்தும்.

தேவராஜ் அர்ஸ் இந்த ஊரின் வார்ப்பு. 1915 ஆகஸ்ட் 20இல் ஹுணசூர் வட்டாரத்துக் கல்லஹள்ளியில் பிறந்தார். அவருடைய ‘அரசு’ (அர்ஸ்) சமூகம் உடையார்களின் உறவு வட்டம். கௌரவம் பெரிது, எண்ணிக்கை மிகச் சிறிது. மைசூரில் அந்தச் சமூகத்தின் மாணவர் விடுதியில் தங்கிப் படித்தார். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் பெற்று, ஊர் திரும்பி விவசாயம் பார்த்தார். குஸ்தியில் உரமேறிய அந்த உடற்கட்டு கடைசிவரை அவரோடு இருந்தது. 1941இல் மைசூர் பிரதிநிதி சபைக்குத் தேர்வானார், சுதந்திரத்துக்குப் பிறகு ஹுணசூரிலிருந்து சட்டமன்றம் போனார், அமைச்சராகவும் இருந்தார். அதுவரை அவர் பல காங்கிரஸ்காரர்களில் ஒருவர். 1969இல் கட்சி உடைந்தபோது மாநிலத்தின் பெருந்தலைகள் நிஜலிங்கப்பாவோடு போனார்கள். அர்ஸ் இந்திரா காந்தி பக்கம் நின்றார். 1972 தேர்தலில் 216 இடங்களில் 165ஐ வென்று முதலமைச்சரானார். 1956இல் ஒன்றுபட்ட மாநிலம் உருவானதிலிருந்து அதுவரை முதல்வர் நாற்காலியில் அமர்ந்த நிஜலிங்கப்பா, ஜாட்டி, எஸ்.ஆர். கண்டி, வீரேந்திர பாட்டீல் ஆகிய நால்வரும் லிங்காயத்துகள். அவர்களுக்கு எதிராக ஒக்கலிகர்கள்; இந்த இரண்டு பெருஞ்சாதிகளின் இழுபறிதான் மாநில அரசியல். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அர்ஸ் செய்தது ஜோடி கட்டும் முறையை மாற்றியதுதான். கனத்தவர்களுக்குள் மட்டுமே நடந்த போட்டியில், சிதறிக் கிடந்த இளைத்தவர்களை ஒன்றுசேர்த்துக் கனமாக்கினார். மல்லிகார்ஜுன கார்கே, தரம் சிங், வீரப்ப மொய்லி மூவரும் சட்டமன்றத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது 1972 தேர்தலில்தான். அதே ஆண்டில் எல்.ஜி. ஹாவனூர் தலைமையில் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தை அமைத்தார். 1975இல் வந்த அதன் அறிக்கை லிங்காயத்துகளைப் பிற்பட்டோர் பட்டியலில் சேர்க்கவில்லை. எவ்வளவு எதிர்ப்பு வந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1974 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் குத்தகை முறையையே ஒழித்தது. அதில் ஒரு விதி என் வாதத்துக்கு முக்கியமானது. ஒவ்வொரு தாலுகாவிலும் நிலத் தீர்ப்பாயம் அமைந்தது; குத்தகைக்காரர் ஏழாம் எண் படிவத்தில் விண்ணப்பித்துவிட்டு அதன் முன் நிற்க வேண்டும். அங்கே வக்கீல்கள் ஆஜராகக் கூடாது. நிலக்கிழாருக்குப் பட்டணத்து வக்கீல் கிடைப்பார், குத்தகைக்காரருக்குக் கிடைக்க மாட்டார் என்பதால் இருவரையும் வெறுங்கையோடு எதிரெதிரே நிறுத்தியது அந்த விதி. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. கோதாவின் விதியை நிலச் சீர்திருத்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது போலத்தான் எனக்கு இது தோன்றுகிறது. அர்ஸ் அப்படி நினைத்து எழுதினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. எடை சமமாக இல்லாத போட்டி போட்டியே ஆகாது என்ற உணர்வு ஊறிய ஊரிலிருந்து வந்தவர் அவர் என்பது மட்டும் உண்மை.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. எல்லாம் இந்திரா காந்தியின் அலை, அர்ஸ் அவர் வைத்த ஆள் என்பது முதலாவது. 1977இல் வடநாடு முழுவதும் இந்திரா தோற்றபோது கர்நாடகத்தில் 28 மக்களவை இடங்களில் 26ஐக் காங்கிரஸ் வென்றதை இந்த மறுப்பு விளக்காது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றத்துக்குத் திரும்ப இந்திரா தேர்ந்தெடுத்த தொகுதி சிக்மகளூர். அங்கே அவருக்குத் தோள் கொடுத்தவர் அர்ஸ். இரண்டாவது மறுப்பு, இது வெறும் சாதிக் கணக்கு என்பது. சொந்தச் சாதிக்கு எண்ணிக்கை இல்லாதவர் பிறரைச் சேர்க்காமல் எப்படிப் பிழைப்பார்? கணக்கு இருந்தது, மறுக்கவில்லை. மைசூர் சமஸ்தானத்தில் 1918இல் அமைந்த மில்லர் குழுவே பிராமணரல்லாதார்க்கு வழி திறந்துவிட்டிருந்தது. ஆனால் அந்த வழியில் முதலில் புகுந்தவர்கள் பெருஞ்சாதிகள்தான். சிறு சாதிகளின் கூட்டுத்தொகை பெரிது என்று காகிதத்தில் யாரும் போட்டுப் பார்த்திருக்கலாம். அவர்களை ஆட்களாக, பெயர் சொல்லி அறிந்த ஒருவரால்தான் அந்தக் கணக்கைக் கட்சியாக்க முடிந்தது. அரண்மனை உறவுக்காரராகவும் மண்ணில் புரண்டவராகவும் ஒரே நேரத்தில் இருந்தது அவருக்குக் கைகொடுத்தது என்பது என் முடிவு.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது. கோதாவிலிருந்து அரசியலுக்கு வந்தவர்கள் நியாயத்தைக் கொண்டுவந்தார்களா, முரட்டுத்தனத்தைக் கொண்டுவந்தார்களா? உத்தரப்பிரதேசத்தில் முலாயம் சிங் யாதவை மெயின்புரியில் ஒரு குஸ்திப் போட்டியில் பார்த்துத்தான் அரசியல்வாதி நத்து சிங் அரசியலுக்கு அழைத்துவந்தார். 1967இல் ஜஸ்வந்த்நகரிலிருந்து சட்டமன்றம் போன அந்தப் பயில்வான் மூன்று முறை முதல்வரானார். இடைநிலைச் சாதிகளுக்கு அவர் குரல் கொடுத்ததும் உண்மை, அடியாட்படை அரசியல் என்ற பழி அவர் கட்சியை விடாமல் துரத்தியதும் உண்மை. அர்ஸுக்கும் கறை உண்டு. நெருக்கடி நிலையின்போது அவர் ஆட்சி இந்திராவின் ஆட்சிதான். 1977இல் அமைக்கப்பட்ட நீதிபதி குரோவர் ஆணையம் அவர் மீதான குற்றச்சாட்டுகள் சிலவற்றை மெய் என்றே கண்டது. நிலத் தீர்ப்பாயங்களில் சட்டமன்ற உறுப்பினர்களும் அமர்ந்தார்கள்; நடுவரே ஒரு கட்சியின் ஆளாக இருந்தால் ஆட்டம் எப்படிச் சுத்தமாக இருக்கும் என்ற கேள்விக்கு அவர் ஆதரவாளர்களிடம் நல்ல பதில் கிடையாது. என்னிடமும் இல்லை. ஆனாலும் குத்தகைக்காரர் கைக்கு வந்த நிலம் கைக்கு வந்ததுதான். அதை எந்த ஆணையமும் திரும்ப எடுக்கவில்லை.

1979இல் இந்திராவோடு முறிந்தது. 1980 மக்களவைத் தேர்தலில் அர்ஸின் காங்கிரஸுக்கு கர்நாடகத்தில் ஒரு இடமும் கிடைக்கவில்லை. இந்திரா கட்சி 28இல் 27ஐ அள்ளியது. ஜனவரியில் பதவி விலகினார். 1982 ஜூன் 6இல் காலமானார். அவர் ஆண்ட காலத்தில்தான் தசராவும் கைமாறியது. 1971இல் மன்னர் மானியம் ஒழிந்தது, 1974இல் ஜயசாமராஜ உடையார் மறைந்தார். தங்க அம்பாரியில் மன்னர் அமர்ந்த இடத்தில் இன்று சாமுண்டேஸ்வரி அமர்கிறாள், விழாவை அரசு நடத்துகிறது. வஜ்ரமுஷ்டி மட்டும் இன்னும் அரண்மனை முற்றத்தில். தெருக் கரடிகளிலிருந்து வரும் பயில்வான்களின் தசராக் குஸ்தி, அரண்மனைக்கு வெளியே தொட்டகெரெ மைதானத்துப் பக்கம் உள்ள அரங்கத்தில் நடக்கிறது. அந்த அரங்கத்தின் பெயர், டி. தேவராஜ் அர்ஸ் விளையாட்டரங்கம்.