தரவுத்தள இடமாற்றமும் தானியங்கு வரிசை எண்ணும்

தானியங்கு வரிசை எண் என்பது, அட்டவணையில் புதிய வரி சேரும்போதெல்லாம் தரவுத்தளமே அடுத்த எண்ணாகத் தரும் அடையாளம். மைஎஸ்கியூஎல்லில் இது ‘ஆட்டோ இன்கிரிமென்ட்’. எஸ்கியூஎல் சர்வரில் ‘ஐடென்டிட்டி’. ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லும் ‘சீக்வென்ஸ்’ என்ற தனி எண்ணியை நம்பியிருந்தன. ஐடென்டிட்டி முன்னதற்கு 2013-இலும் (12சி), பின்னதற்கு 2017-இலும் (10-ஆம் பதிப்பு) வந்தது.

வண்டலூருக்குத் தெற்கே, ஜிஎஸ்டி சாலை எஸ்டான்சியா வளாகத்தில் இயங்கும் ஜோஹோவின் சர்வீஸ்டெஸ்க் பிளஸ், ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடமாற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. அலுவலகங்களின் கணினிப் பழுதுக் கோரிக்கைகளைப் பதியும் இம்மென்பொருள் முன்பு மைஎஸ்கியூஎல்லுடன் வந்தது, பிறகு போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுடன். எஸ்கியூஎல் சர்வருக்கும் மாறலாம். கோரிக்கை எண் மின்னஞ்சல்களிலும் ஊழியர் குறிப்பேடுகளிலும் ஏறிவிடுவதால், தளம் எதுவானாலும் அது மாறக் கூடாது.

ஆகவே இடமாற்றத்தில் பழைய எண்களை அப்படியே ஏற்றுகிறார்கள். எஸ்கியூஎல் சர்வரில் அதற்கு ‘ஐடென்டிட்டி இன்சர்ட்’டைத் திறக்க வேண்டும், ஓர் அமர்வில் ஒரு நேரத்தில் ஓர் அட்டவணைக்குத்தான் திறக்கும். ஏற்றிய பெரிய எண்ணுக்கேற்ப அதன் எண்ணி தானே நகர்ந்துவிடும். மைஎஸ்கியூஎல்லும் அப்படியே. போஸ்ட்கிரெஸ்கியூஎல் அப்படியல்ல. 48,000 வரிகளை ஏற்றினாலும் சீக்வென்ஸ் 1-இலேயே நிற்கும். கையால் கொடுத்த எண் அதற்குத் தெரியாது. மறுநாள் காலை முதல் கோரிக்கைக்கு 1 கிடைக்கும். அந்த எண் ஏற்கெனவே இருப்பதால் ‘டூப்ளிகேட் கீ’ பிழை. மறுபடி முயன்றால் 2, பிறகு 3. தோற்ற முயற்சியிலும் எண்ணி முன்னேறும்.

பிழை வந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். என்றோ அழித்த 17-ஆம் கோரிக்கையின் இடம் காலியாக இருந்தால், புதிய கோரிக்கை சத்தமில்லாமல் அதில் உட்காரும். பழைய மின்னஞ்சலில் உள்ள 17 இப்போது வேறொருவரின் பழுதைக் காட்டும். இதுவே பெரிய சேதம். 8.0-க்கு (2018) முந்தைய மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி சேமிப்புப் பொறியிலும் எண்ணி நினைவகத்தில் மட்டுமே இருந்தது. கடைசி வரிகளை அழித்துவிட்டு மறுதொடக்கம் செய்தால் அழிந்த எண்கள் திரும்ப வந்தன.

அளவும் கவனிக்க வேண்டியது. மைஎஸ்கியூஎல்லின் குறியற்ற முழுஎண் 4,294,967,295 வரை போகும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் ‘இன்டிஜர்’ 2,147,483,647-இல் நின்றுவிடும். அங்கே ‘பிக்இன்ட்’ என்ற பெரிய எண் வகை தேவை.

ஏற்றி முடித்ததும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் ‘செட்வால்’ கட்டளை கொண்டு எண்ணியை நகர்த்துவது வழக்கம். பலரும் அட்டவணையின் மிகப் பெரிய எண்ணையே அதற்குக் கொடுக்கிறார்கள். அது போதாது: கடைசியில் அழிக்கப்பட்ட வரிகளின் எண்கள் அதைவிடப் பெரியவை. பழைய தளத்தின் எண்ணி எங்கே நின்றதோ, அந்த எண்ணையே குறித்துக்கொண்டு வாருங்கள்.