எஸ்.ஜி.ஓ.டி. முதல் ட்ரோபோனின் வரை

மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்ல, ஈரல் பகுதியில எஸ்.ஜி.ஓ.டி.ன்னு ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீங்க. ஆனா அது முதல்ல பேர் வாங்கினது மாரடைப்பைக் கண்டுபிடிக்கத்தான்!

1954-ல் நியூயார்க்கில் லாட்யூ, வ்ரோப்லெவ்ஸ்கி, கார்மென்னு மூணு பேர், மாரடைப்பு வந்தவங்க ரத்தத்தில் இந்த என்சைம் ஏறுவதை 'சயின்ஸ்' இதழில் எழுதினாங்க. விஷயம் எளிமையானது. இதயத் தசை செத்தா, செல் உடைஞ்சு உள்ளே இருக்கிறது ரத்தத்தில் கசியும். புரோகிராம் கிராஷ் ஆனா லாக் ஃபைல் மிஞ்சுற மாதிரி.

சிக்கல் என்னன்னா, இதே என்சைம் ஈரல்லயும் இருக்கு, கை கால் தசையிலயும் இருக்கு. எந்த சர்வர் கிராஷ் ஆச்சுன்னு லாக்ல பேர் இல்லை! அடுத்து வந்த சி.கே.எம்.பி. எவ்வளவோ பரவாயில்லை. ஆனா அதுவும் மற்ற தசைகளில் கொஞ்சம் உண்டு. ரெண்டு மூணு நாள்ல இறங்கியும் போயிடும்.

திருப்பம் ட்ரோபோனின். தசை சுருங்குவதற்கான சுவிட்ச் மாதிரியான இந்தப் புரதத்தை 1960-களில் ஜப்பானின் எபாஷி குழு கண்டுபிடிச்சது. இதயத்தில் இருக்கிற ட்ரோபோனின் ஐ, டி ரெண்டும் மற்ற தசைகளில் இருப்பதிலிருந்து அமைப்பில் வேறு. இதை வெச்சு 1987-ல் கமின்ஸ் குழு ட்ரோபோனின் ஐ-க்கும், 1989-ல் ஜெர்மனியில் காடஸ் குழு டி-க்கும் ரத்தப் பரிசோதனை கொண்டு வந்தாங்க.

இங்கேதான் முக்கியமான கட்டம். 1996-ல் ஆன்ட்மன் குழு, ஈ.சி.ஜி.யில் பெரிய அடைப்பு தெரியாத 1404 நெஞ்சுவலிக்காரங்க ரத்தத்தைப் பார்த்தாங்க. ட்ரோபோனின் ஐ ஏறியிருந்தவங்கள்ல 42 நாளுக்குள் இறந்தது 3.7 சதவீதம், ஏறாதவங்கள்ல 1 சதவீதம். அதாவது, வந்ததைச் சொன்ன டெஸ்ட், வரப்போறதையும் சொல்ல ஆரம்பிச்சது. யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை அனுப்பவே கூடாதுன்னு பிரிச்சுக் காட்டினது.

2000-ல் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் சேர்ந்து மாரடைப்பின் இலக்கணத்தையே ட்ரோபோனினை வெச்சு மாத்தி எழுதினாங்க. அதுக்கு முன்னாடி 'வெறும் நெஞ்சுவலி'ன்னு பேர் வாங்கின பலருக்கு, அதுக்கப்புறம் பேர் மாரடைப்பு. நோய் அதே நோய்தான். அளவுகோல் மாறினதும் நோயாளிகள் எண்ணிக்கை கூடிடுச்சு!

இப்போ உள்ள உயர் உணர்திறன் டெஸ்ட் மிகச் சின்ன கசிவையும் பிடிக்கும். ஆனா கிட்னி கோளாறு, கடும் தொற்றுன்னு வேற காரணத்துக்கும் ட்ரோபோனின் ஏறும். அதனால ஒரு எண் போதாது. சில மணி நேரம் விட்டு மறுபடி எடுத்து, ஏறுதா இறங்குதான்னு பார்க்கிறாங்க. வலி ஆரம்பிச்ச உடனே எடுத்தா நார்மல்னும் வரலாம். 'இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும், இருங்க'ன்னு டாக்டர் சொன்னா, பில்லை ஏத்துறாங்கன்னு முணுமுணுக்காம இருந்து கொடுத்துட்டு வாங்க.