நாத்தாண்டியா மணலும் உடைந்த போத்தலும்

சிலாபத்துக்குத் தெற்கே மாதம்பை, நாத்தாண்டியா, மாரவில ஆகிய ஊர்களுக்கிடையே உள்ள தென்னங்காணிகளில் மேல்மண்ணை அகற்றினால் சீனியைப் போல வெளுத்த மணல் தென்படும். ஏறத்தாழ முழுவதும் படிகக்கல் துணிக்கைகளாலான சிலிக்கா மணல் அது. கண்ணாடிக்குப் பச்சை நிறம் ஏற்றுவது மணலில் உள்ள இரும்பு. இரும்பு குறைந்த மணலிலிருந்துதான் நிறமற்ற போத்தல் வார்க்க முடியும். ஆற்று மணலும் கடல் மணலும் தாராளமாகக் கிடந்த கரையில் இந்த மணலுக்கு மட்டும் தனி விலை உண்டானதற்குக் காரணம் இதுவே. இலங்கையில் பெயர் சொல்லத்தக்க மற்றொரு சிலிக்காப் படிவு வடமராட்சியில், வல்லிபுரம் முதல் அம்பன் வரையான மணற்பரப்பில் இருக்கிறது.

நாட்டின் வடமேற்கில் கண்ணாடி வேலை மிகப் பழையது. குருணாகல் மாவட்டத்துக் கிரிபாவையில் நடந்த அகழ்வில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே கண்ணாடி உருக்கியதற்கான தடயங்கள் வெளிப்பட்டன. மன்னார்க் கரையில் மாந்தைத் துறைமுகம் கண்ணாடி மணிகளுக்குப் பேர்போனது. இருந்தும், இன்றைய போத்தல் தொழில் இந்த மரபின் வழிவந்ததன்று. போர்க்காலத் தட்டுப்பாட்டில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி குறைந்தபோது இலங்கை அரசு ஒட்டுப்பலகை, தோல், கடதாசி, பீங்கான் எனப் பல பொருள்களைத் தானே உற்பத்தி செய்ய முற்பட்டது. கண்ணாடிக்குத் தெரிவான இடம் நாத்தாண்டியா. போர் முடிந்து கப்பல்கள் மீண்டும் வரத் தொடங்கியதும் அக்காலத்து அரச ஆலைகள் பலவும் தடுமாறின.

1955இல் சிலோன் கிளாஸ் நிறுவனம் உருவானது. அதன் உலை இரத்மலானையில் இயங்கியது. 2007இல் ஹொரணைக்கு மாறியது. நிறுவனத்தின் உரிமையாளரும் பெயரும் மாறின. இப்போதைய பெயர் பீஜீபீ கிளாஸ் சிலோன். மணல் மட்டும் புத்தளம் மாவட்டத்திலிருந்தே தொடர்ந்து போனது. அகழ்வுக்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியவளச் சட்டத்தின்கீழ் அனுமதி தேவை. தோண்டிய காணிகளில் நீர் தேங்கிய குழிகளே ஊருக்கு மிஞ்சின.

உடைந்த கண்ணாடி மதிப்புப் பெறுவது இந்த உலையின் வாயிலில்தான். மணல் தனியே உருக ஏறத்தாழ 1,700 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். சோடாச் சாம்பல் சேர்த்தால் அது வெகுவாகக் குறையும். நீரில் கரையாமல் உறுதிபெறச் சுண்ணாம்பு வேண்டும். புத்தளத்தில் உப்பளங்கள் பரந்து கிடந்தும் உப்பிலிருந்து சோடாச் சாம்பல் செய்யும் ஆலை எழவில்லை. அது கப்பலில் வருகிறது. உடைகண்ணாடியிலோ இவை மூன்றும் ஏற்கெனவே கலந்து உருகியிருக்கின்றன. ஒரு தொன் உடைகண்ணாடி ஏறத்தாழ 1.2 தொன் மூலப்பொருளுக்கு ஈடு. சோடாச் சாம்பலும் சுண்ணாம்புக் கல்லும் சூட்டில் காபனீரொட்சைட்டை வெளியேற்றி எடை இழப்பதே அந்த வித்தியாசத்துக்குக் காரணம். கலவையில் உடைகண்ணாடி பத்து வீதம் கூடினால் எரிசக்தி இரண்டரை முதல் மூன்று வீதம் வரை குறையும்.

இந்தக் கணக்கை அறியாமலே அதற்கு உழைத்தவர்கள் வீடு வீடாகப் போய்ப் பழைய போத்தலும் பத்திரிகையும் வாங்கிய வியாபாரிகள். தென்னை முக்கோணத்தின் ஒரு முனை புத்தளம் மாவட்டம். கள்ளும் சாராயமும் புழங்கிய ஊர்களில் வெறும் போத்தலுக்குக் குறைவில்லை. முழுப் போத்தல் கழுவி நிரப்பப் போனது. உடைந்தது நிறம் பிரித்து உலைக்குப் போனது. முழுப் போத்தலுக்கே கூடிய விலை கிடைத்தது நியாயம்தான்: கழுவுவதற்குச் செலவாகும் சூடு உருக்குவதற்கு ஆவதில் ஒரு சிறு பங்கு. உடைகண்ணாடியில் பீங்கான் துண்டு கலந்தால் சரக்கு கெட்டது. கண்ணாடி உருகும் சூட்டில் பீங்கான் உருகாமல் கல்லாக நின்று, புதிய போத்தலின் சுவரில் பலவீனமான இடமாகிவிடும். உயர்ரகப் பீங்கானுக்குப் பெயர்பெற்ற தங்கொட்டுவ இதே மணற்பட்டியின் அருகில் இருப்பது ஒரு வேடிக்கை. எதிர்த்திசையில் இந்தப் பகை இல்லை. நன்கு அரைத்த கண்ணாடித் தூளைப் பீங்கான், ஓட்டுக் களிமண்ணில் சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே இறுகிவிடும்.

உலைக்கு வெளியே உடைகண்ணாடிக்குப் பல வேலைகள் உண்டு. இந்தக் கரையில் சிலவற்றுக்குப் போட்டியாளரும் உண்டு. சீமெந்தை எடுத்துக்கொள்ளலாம். அருவக்காட்டில் வெட்டிய சுண்ணாம்புக் கல் ரயிலில் பாலாவிச் சீமெந்து ஆலைக்கு வருகிறது. கண்ணாடியைப் பருமணலாகக் கொங்கிறீற்றில் கலந்தால் சீமெந்தின் காரம் அதன் சிலிக்காவைத் தாக்கும். அதில் உண்டாகும் கூழ் ஈரம் உறிஞ்சி வீங்கிக் கொங்கிறீற்றைப் பிளக்கும். இந்நோயை 1940இல் கலிபோர்னியாவில் இனங்கண்டார்கள். அதே கண்ணாடியை 75 மைக்ரோனுக்கும் நுண்ணியதாக அரைத்தால் நிலைமை தலைகீழாகி, சீமெந்தின் ஒரு பங்குக்கு அது மாற்றாகும். ஆனால் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 2011இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து பறக்கும் சாம்பல் பக்கத்திலேயே குவிகிறது. அரைக்காமலே தூளாக இருக்கும் சாம்பலோடு கண்ணாடி விலையில் போட்டியிடுவது கடினம்.

உடைகண்ணாடிக்கு அடுத்த வேலை நீர் வடிகட்டல். இறால் பண்ணைகள் 1980கள் முதல் சிலாபம், புத்தளம் களப்போரங்களில் பெருகின. இறால் குஞ்சு பொரிப்பகங்களுக்கு வடிகட்டிய கடல்நீர் வேண்டும். மணல் வடிகட்டியில் மணலுக்குப் பதில் விளிம்பு மழுங்கிய கண்ணாடித் துணிக்கைகளை இடும் முறை வெளிநாடுகளில் நிலைபெற்றுவிட்டது. இரும்பின் துருவை மணல் வீசி அகற்றும் வேலைக்கும் கண்ணாடித் தூள் உதவும். மணல் தூசு நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் நோயைத் தருவதால் பிரித்தானியா 1950இலேயே அவ்வேலைக்கு மணலைத் தடுத்தது. கண்ணாடியின் சிலிக்கா படிக வடிவில் இல்லாததால் அந்த ஆபத்து மிகக் குறைவு.

பெரிய ஆசை கடற்கரை பற்றியது. மகா ஓயாவிலும் தெதுறு ஓயாவிலும் மணல் அள்ளியதால் கடலுக்கு வந்துசேரும் மணல் குறைந்தது. மாரவிலப் பக்கம் கரை அரிக்கப்படுகிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் புரோவர்ட் கவுண்டி அரைத்த கண்ணாடியைக் கரையில் இட்டுப் பரிசோதித்தது. 2020 முதல் லூசியானாவில் ஒரு முயற்சி கண்ணாடி மணலைக் கரை மீட்புக்குப் பயன்படுத்துகிறது. கண்ணாடி மணல் இயற்கை மணலைப் போலவே நடந்துகொள்ளும். சிக்கல் அளவில். ஹொரணை உலை நாளொன்றுக்குச் சுமார் 300 தொன் உருக்கக் கூடியது. அது ஆண்டு முழுவதும் வார்க்கும் போத்தல்களை ஒன்று விடாமல் அரைத்தாலும் சுமார் 70,000 கன மீற்றர்தான் தேறும். ஒரு கிலோமீற்றர் கரையை நிரப்ப இலட்சம் கன மீற்றரும் அதற்கு மேலும் தேவைப்படும்.