தொட்டிக்குப் பின்னாடி ஒரு சுவர்

மீன் தொட்டியோட பின் கண்ணாடிக்குக் கறுப்பு பெயிண்ட் அடிக்கிறது எதுக்கு? வயரும் ஃபில்டர் குழாயும் தெரியக் கூடாதுன்னு மட்டும்தானா? இதுக்குப் பின்னாடி 170 வருஷக் கதை இருக்கு.

1853ல லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சி சாலையில மக்கள் பார்க்க மீன் காட்சியகம் திறந்தாங்க. அந்தக் காலக் கண்ணாடித் தொட்டிகள்ல ஒரு சிக்கல். எல்லாப் பக்கமும் வெளிச்சம் வரும். தண்ணி சூடாகும், பாசி மண்டும், மீனுக்கு ஒதுங்க இடம் இருக்காது.

இதை யோசிச்சவர் ராபர்ட் வாரிங்டன், வேதியியல்காரர். மீனும் செடியும் சேர்ந்தா தண்ணி கெடாம நிக்கும்னு 1850ல சொன்னவரும் இவர்தான். முன்பக்கம் மட்டும் கண்ணாடி, பக்கங்களும் சரிவான பின்சுவரும் ஸ்லேட் கல்லுன்னு ஒரு தொட்டி செஞ்சார். குளத்துல மாதிரி வெளிச்சம் மேல இருந்து மட்டும் இறங்கும்.

1960கள்ல சிலிக்கோன் பசை வந்துச்சு. சட்டமே இல்லாம கண்ணாடியையும் கண்ணாடியையும் ஒட்டலாம். பார்க்க அழகு, ஆனா மீனைச் சுத்தி மறுபடியும் திறந்தவெளி.

நாம அடிக்கிற பெயிண்ட், வாரிங்டனோட கல்லைத் திரும்ப வைக்கிற வேலை. தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடியே, வெளிப்பக்கம் மட்டும் அடிங்க. 60 லிட்டர் தண்ணியே 60 கிலோ, அப்புறம் நகர்த்த முடியாது. நாகமலை புதுக்கோட்டை வெயில்ல ஜன்னலோரம் வேண்டாம், கறுப்பு சூட்டை இழுக்கும்.

நமக்கு அது அலங்காரம். மீனுக்கு, யாரும் வராத ஒரு பக்கம்.