உப்பும் ஓவியமும் - சோழமண்டலம் கதை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டும்போது கவனித்திருப்பீர்கள், உப்பளப் பாத்திகளுக்குப் பக்கத்தில் குவித்து, ஓலை போட்டு மூடிய உப்பு. விளைவிப்பவர் ஒருவர், விற்பவர் வேறொருவர். இது இன்று வந்ததல்ல. சங்க காலத்திலேயே உமணர்கள் வண்டி கட்டி உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றினார்கள்.

ஓவியத்துக்கும் ஓர் உமணர் தேவை. அவர்தான் கேலரிக்காரர். படத்தை மாட்டி, ஆளைத் தேடி, விற்றுத் தந்து கமிஷன் எடுப்பார். அது பாதி விலை வரைகூடப் போகும்! கொள்ளை என்று தோன்றலாம். ஆனால் அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

பம்பாயில் கேக்கூ காந்தி இருந்தார். படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தவர், அங்கேயே இளம் ஓவியர்களின் படங்களைக் காட்சிக்கு வைத்தார். 1963-ல் கெமோல்ட் கேலரியைத் திறந்தார். மெட்ராஸில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் மிகக் குறைவு. படித்து முடித்த ஓவியர்கள் வேறு வேலைக்குப் போய் வரைவதையே விட்டுவிடுவதைப் பார்த்துக் கவலைப்பட்டவர், அப்போது ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர்.

அவர் கண்ட வழி எளிமையானது. படம் விற்கவில்லையா, விற்பதைச் செய்வோம். மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களை ஓவியர்களே செய்தார்கள், சங்கம் அமைத்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். சுமார் முப்பது பேர். அப்போது அது வெறும் மணல்காடு.

துணியில் சாயம் ஏற்றும் நேரம் கித்தானுக்குக் கிடைக்காத நேரம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வியாபாரியின் ருசிக்காக வரைய வேண்டியதில்லை. சோறு துணியிலிருந்து வந்தது, படம் அவரவர் இஷ்டம். பாதிக் கமிஷனைவிட இது மலிவு என்றே எனக்குப் படுகிறது. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், நந்தகோபால் எல்லாம் இங்கிருந்து பெயர் பெற்றவர்கள்.

பணிக்கர் 1977-ல் காலமானார். 2009-ல் அங்கே அருங்காட்சியகம் வந்தது. கூடவே, வெளி ஓவியர்கள் வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி நடத்தக் கூடங்களும் இருக்கின்றன. கேலரி இல்லாமல் தவித்தவர்களின் ஊரில் இப்போது கேலரி!